தணிகாசலம் கோட்டு

டிக்கெட்டா? நான் கண்டக்டர் இல்ல சார். கண்டக்டர் அதோ பின்னால நிக்கறாரு பாருங்க, பையைத் தொங்க வுட்டுகினு. குடுங்க, நானே பாஸ் பண்ணி வுடறேன். ஆரணியா? யம்மா, இதை அப்படியே பின்னால குடுங்க, ஒரு ஆரணி. ஆங், வந்துரும், உக்காருங்க.

தப்பா நினைக்கல சார். வேலூர்ல ஏறினதுல இருந்து இதான் நடக்குது. காக்கியைப் பாத்தா கை தானா நீளுது ஜனங்களுக்கு. ஆனா இது கண்டக்டர் காக்கி இல்ல. தொட்டுப் பாருங்க. பரவால்ல, தொடுங்க. ரயில்வே ஒர்க்‌ஷாப் சட்டை. எழுபத்திரண்டாம் வருசம். ட்ரில் துணின்னு பேரு, இப்போ எவனும் நெய்யறது இல்ல. பட்டனு பித்தளை. இந்தப் பாக்கெட்டு ஓரத்துல கறை தெரியுதா? கிரீசு. அந்தக் காலத்து கிரீசு. என் சம்சாரம் ஒரு வாட்டி இதை ஊற வெச்சுட்டா. நான் ரெண்டு வேளை சாப்பிடல.

சிலருக்கு ஸ்டாம்பு, சிலருக்குப் பழைய காசு. எனக்குத் துணி சார். பழைய பட்டாளத்துத் துணி, ஒர்க்‌ஷாப் துணி. அடுக்கி வெச்சுப் பாக்கறது மட்டும் இல்ல, போடுவேன். துணின்னா போடணும். நாம போடலைன்னா பூச்சி போட்டுக்கும்.

என் பேரு ஏகாம்பரம். புங்கமேட்டுல ஷாமியானா கடை. பந்தலு, சேரு, அண்டா குண்டா எல்லாம் வாடகைக்கு. புங்கமேடு கேள்விப்பட்டிருக்கீங்களா? இந்த ரூட்டுலதான், கணியம்பாடி தாண்டி. எங்க ஊர்ல ஊட்டுக்கு ஒரு பட்டாளத்தான் சார். சில ஊட்டுல ரெண்டு, மூணு. என் மாமனார் சுபேதாரா இருந்தவரு. பெரிய மச்சான் தேவராஜி ஹவில்தார் ரிட்டயர்டு. நான் ஊட்டோட மாப்பிள்ளை.

நான் பட்டாளம் இல்ல. முதல்லயே சொல்லிடறேன், அப்பால நான் மறைச்சேன்னு பேச்சு வரக்கூடாது. செலக்‌ஷனுக்குப் போனேன். நெஞ்சை விரின்னாங்க. விரிச்சேன். விரியலைன்னாங்க. அதை வுடுங்க.

அந்த ஊர்ல ஒரு அநியாயம் சொல்றேன் கேளுங்க. சாயங்காலம் டீக்கடையில பாத்தீங்கன்னா அத்தினி பேரும் பட்டாளத்துல இருந்து வந்தவங்க. அத்தினி பேரும் கைலி, பனியன். ஒருத்தன் உடம்புலகூட ஒரு நல்ல துணி கிடையாது. சர்க்கார் குடுத்த அங்கோலா சட்டை சார், கம்பளியும் பருத்தியும் கலந்தது, அதைக் கிழிச்சு டிராக்டர் துடைக்கறான். கம்பளிக் கோட்டை கன்னுக்குட்டிக்குப் போத்தி வுடறான். தேவராஜி மச்சானையே கேட்டேன், ஏன் மச்சான், ஒரு நாளாவது எடுத்துப் போடக்கூடாதான்னு. "அதைக் கழட்டறதுக்குத்தான்டா மாப்ள இருபத்திநாலு வருசம் காத்துகினு இருந்தேன்"னாரு. அவருக்கு ருசி இல்ல, வேற இன்னா சொல்றது.

அதனால ஊருக்கும் சேத்து நான் போட்டேன். அதான் நடந்தது.

மே மாசம்கூட போடுவேன். வேர்க்கும். வேர்க்கத்தான் செய்யும். அதுக்காக ரோட்டுல போறவன் எல்லாம் சிரிக்கலாமா? வேலூர் மார்க்கெட்டுல எனக்கு சல்யூட் அடிக்கறவங்க இருக்காங்க சார். பஸ்ல எழுந்து இடம் குடுக்கறாங்க. எந்த ரெஜிமெண்டுன்னு கேப்பாங்க. சட்டை அறுபத்தஞ்சு, பாகிஸ்தான் சண்டை நடந்த வருசம்னு சொல்லுவேன். பொய்யா? சட்டை அறுபத்தஞ்சுதான். அவங்க அதுக்கு மேல எதுனா நினைச்சுக்கினா நான் இன்னா பண்றது. நான் பொய் சொன்னதே கிடையாது.

ஒரு வாட்டி டிவிக்காரங்க வந்தாங்க, பட்டாளத்து கிராமம்னு படம் புடிக்க. டீக்கடை முன்னால வண்டி நிக்குது. கைலி கட்டினவங்க எல்லாம் உக்காந்துகினு இருக்காங்க. நான் மட்டும் ஒழுங்கா டிரெஸ் பண்ணிகினு அந்தப் பக்கம் வந்தேன், தற்செயலா. மைக்கை என்கிட்டதான் நீட்டினாங்க. நாட்டுக்கு இன்னா சொல்ல விரும்பறீங்கன்னு கேட்டாங்க. துணியை வெயில்ல காய வைக்காதீங்க, நெழல்ல காய வையுங்கன்னு சொன்னேன். அதை வெட்டிட்டாங்க. என் மூஞ்சியை மட்டும் காட்டி பின்னால பாட்டு போட்டுட்டாங்க. அன்னையில இருந்து ஊர்ல எனக்கு ஷாமியானா சிப்பாய்னு பேரு. பொறாமை சார். வேற ஒண்ணும் இல்ல.

கூத்துல வேசம் கட்டறவனை எவனாவது கேக்கறானா, நீ நெசமா அர்ச்சுனனான்னு? விடிய விடிய அவன் கால்ல விழுந்து கும்பிடறாங்க. நான் போட்டா மட்டும் வலிக்குது.

சரி, கோட்டு விசயத்துக்கு வரேன்.

எங்க ஊருக்கு முனியம்மான்னு ஒரு பாத்திரக்காரி வரும். பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கும். பட்டுப் புடவைன்னா குக்கர், சாதாப் புடவைன்னா பிளாஸ்டிக் கொடம், அந்த மாதிரி. பட்டாளத்துத் துணி எது வந்தாலும் எனக்கு எடுத்து வெச்சுடும். போன ஆடி மாசம் வந்து, "உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன் பாரு"ன்னு மூட்டையைப் பிரிச்சுது. பாத்தேன்.

கோட் பார்க்கா சார். பனி மலையில போடறது. பச்சை. உள்ள பஞ்சு வெச்ச லைனிங், தலைக்கு மூடாக்கு, முட்டி வரைக்கும் நீளம். ஜிப்பு ஒரு பல்லு போகல. உள்ளாற காலருக்குக் கீழ வெள்ளை மையில நம்பரு, பேரு. இங்கிலீசுல எழுதியிருக்குது. தணிகாசலம்.

யாருன்னு எனக்குத் தெரியும். கீழ்த்தெரு பூங்காவனத்தோட புருசன். வடக்கே பனியில லாரி கவுந்து செத்துட்டாரு. பொண்ணு அப்போ கைக்குழந்தை. பொட்டி வந்தப்போ பந்தல் நம்முதுதான், வாடகை வாங்கல.

இதை ஏன் பாத்திரத்துக்குப் போட்டாங்கன்னு முனியம்மாவை நான் கேக்கல. கேக்கக்கூடாது சார். கலெக்‌ஷன்ல அது ஒரு தர்மம். கடையில இருந்து ஒரு அலுமினிய அண்டாவைத் தூக்கிக் குடுத்துட்டு வாங்கிகினேன்.

அன்னைக்கே சாயங்காலம் போட்டேன். போட்டுகினு நாலு தெரு காத்து வாங்கப் போனேன். கீழ்த்தெரு பக்கமும் போனேன், ஏன் போகக்கூடாது. பூங்காவனம் வாசல்ல உக்காந்து பீடி சுத்திகினு இருந்தா. நான் தலைக்கு மூடாக்கு போட்டிருந்தேன். நிமிந்து பாத்தா. மொறத்துல இருந்த இலை, தூள், நூலு எல்லாம் கீழ கொட்டிச்சு. காத்துன்னு நினைச்சேன். பாத்து வெச்சுக்கம்மான்னு சொல்லிட்டு வந்தேன்.

மறுநாள் கடைக்கு வந்தா. ஒரு மாதிரி நின்னா. "அண்ணா, அந்தக் கோட்டைப் போட்டுகினு எங்க தெருவுல மட்டும் வராதீங்க"ன்னா.

நான் சொன்னேன், தெரு பொதுச் சொத்தும்மான்னு.

"உங்களுக்குப் புண்ணியமா போகும்ணா."

எனக்குப் புரிஞ்சு போச்சு. துணியைப் போட்டுட்டு அப்பால மனசு கேக்காம திருப்பி வாங்க வராங்க இல்ல, அந்த கேஸு. நிறையப் பாத்திருக்கேன். இன்னா பாத்திரம் குடுத்தா முனியம்மான்னு கேட்டேன். இட்லிப் பானைன்னா. எவர்சில்வரான்னேன். ஆமான்னா. நல்ல பேரம்தானேம்மா, இதுல வருத்தப்பட இன்னா இருக்குதுன்னு கேட்டேன். திரும்பிப் போயிட்டா. நியாயமாத்தானே சார் பேசினேன்?

அப்பால ஒரு வாரம் கழிச்சு பொண்ணு வந்தா. சங்கவின்னு பேரு. காலேஜ் மொத வருசம். ஒல்லியா, காது பெருசா இருக்கும், அவங்க அப்பா மாதிரி. சேரு அடுக்கி வெச்சிருக்கற குடோனுக்கு உள்ளயே வந்துட்டா. "மாமா, அந்தக் கோட்டைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

என் வாழ்க்கையில அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்ல சார். என் சம்சாரம் கேட்டதில்ல. பெத்த புள்ளைங்க கேட்டதில்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

காட்டினேன். எல்லாத்தையும் காட்டினேன். ஜிப்பு, தையலு, உள் பாக்கெட்டு, லைனிங். அவ போட்டுப் பாக்கலாமான்னா. சரி, அஞ்சு நிமிசம், சாயம் போற சேருல சாயாதேன்னேன். போட்டுகினு ஒரு பிளாஸ்டிக் சேருல உக்காந்தா. கையை ரெண்டு பாக்கெட்டுலயும் வுட்டுகினா. வேர்த்து ஊத்துது, கழட்டல.

அப்பால தினம் சாயங்காலம் வர ஆரமிச்சா. நான் நினைச்சேன், சரி, நமக்கு அப்புறம் இந்தக் கலெக்‌ஷனைப் பாத்துக்க ஒரு ஆளு கிடைச்சுதுன்னு. அவளுக்கு அங்கோலா சட்டை எப்படி மடிக்கறது, ஜெர்சியை ஏன் ஆணியில மாட்டக்கூடாது, எல்லாம் சொல்லிக் குடுத்தேன். கேட்டுகினே இருப்பா. கேப்பாளே தவிர கண்ணு கோட்டு மேலதான். ஒரு நாள் கேட்டா, "இதை அப்பா போட்டுகினு இருந்தப்போ எப்படி மாமா இருந்திருக்கும்?"

புதுசா இருந்திருக்கும்னு சொன்னேன்.

அவ அதுக்கு சிரிச்சா. எதுக்கு சிரிச்சான்னு தெரியல.

காலங்காத்தால ஏரிக்கரையில ஓட ஆரமிச்சா. நல்ல பழக்கம்தானேன்னு இருந்தேன். இப்போ பொம்பளைப் புள்ளைங்களையும் எடுக்கறாங்க சார் பட்டாளத்துல, மிலிட்டரி போலீசுக்கு. எனக்கு அதெல்லாம் தெரியாது, நான் அறுபத்தஞ்சு எழுபத்தொண்ணுலதான் ஸ்பெசல். அவ போனாளாம், ஓடினாளாம், தாண்டினாளாம், எல்லாத்துலயும் பாஸு. பெங்களூருக்கு வரச் சொல்லி ஆர்டரே வந்துடுச்சு.

அப்போதான் ஊர்ல பேச்சு கிளம்புச்சு. சங்கவி போன வருசமே மனு போடறேன்னு நின்னிருக்கா. பூங்காவனம் முடியாதுன்னுட்டா. பொட்டைப் புள்ளை, நமக்கு இனிமே பட்டாளம்னு ஒண்ணு கிடையாதுன்னு நிம்மதியா இருந்தவ சார் அவ. ராத்திரியில பொண்ணு டிரங்குப் பொட்டியைத் திறந்து கோட்டை எடுத்து வெச்சுகினு உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு, இது இருந்தாத்தானேன்னு பாத்திரக்காரிகிட்ட போட்டிருக்கா. போட்ட பத்தாம் நாளு நான் அதைப் போட்டுகினு வாசல்ல போயிருக்கேன்.

இதை தேவராஜி மச்சான் என்கிட்ட சொல்றாரு, என்னமோ நான் திட்டம் போட்டு செஞ்ச மாதிரி. நான் இன்னா சார் பண்ணேன்? ஒரு கோட்டு போட்டேன். வாயைத் திறந்து அந்தப் பொண்ணுகிட்ட பட்டாளத்துக்குப் போன்னு ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லல.

இப்போ எங்க ஊரு வழக்கம் ஒண்ணு உங்களுக்குச் சொல்லணும். பட்டாளத்துக்கு மொத மொத போறவங்களை யாரு வேணா பஸ் ஏத்தி வுட முடியாது. பட்டாளத்துக்குப் போய் உசுரோட திரும்பி வந்தவன்தான் ஏத்தி வுடணும். அவன்தான் பையைத் தூக்கணும். கூடவே ஏறி அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் போகணும். அங்க இறங்கி, ஊருக்கு நடந்து வரணும். அவன் நடந்து திரும்பி வர மாதிரி போறவனும் திரும்பி வரணும்னு அர்த்தம். தாய் தகப்பன் வாசலோட நின்னுக்கணும். அந்த மாதிரி ஏத்தி வுடாம எங்க ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தன் போனதில்ல.

பூங்காவனம் அதுலதான் கையை வெச்சா. ஒரு தட்டுல கற்பூரத்தை ஏத்திகினு ஊடு ஊடா போனா. பட்டாளத்துல இருந்து வந்தவன் ஒவ்வொருத்தன்கிட்டயும், என் பொண்ணை ஏத்தி வுட மாட்டேன்னு சத்தியம் வாங்கினா. எவன் மறுப்பான்? புருசனைக் குடுத்தவ. எல்லாரும் கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணிட்டாங்க.

எங்க ஊட்டுக்கும் வந்தா. கூடத்துல தேவராஜி மச்சான் சாப்பிட்டுகினு இருந்தாரு. கையைக் கழுவிட்டு வந்து கற்பூரத்தை அணைச்சாரு. நானும் பக்கத்துல நிக்கறேன். அங்கோலா சட்டை, கான்வாஸ் பெல்ட்டு, எல்லாம் போட்டுகினு நிக்கறேன். அவ இன்னொரு கற்பூரம் வெச்சு ஏத்துவான்னு கையை நீட்டினேன்.

தட்டை இழுத்துகினா. "உங்களுக்கு வேணாம்ணா. நீங்க பட்டாளத்தான் இல்லயே."

அவ கோவமா சொல்லல சார். சாதாரணமாத்தான் சொன்னா. மழை வரல, கொடை வேணாம்னு சொல்ற மாதிரி. நான் கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம பெல்ட்டுல வெச்சுகினேன். குடோனுக்குப் போய் சேருங்களுக்கு நடுவுல உக்காந்து அழுதேன். ஆமா, அழுதேன். ஊரே சத்தியம் பண்ணுது, என்னை ஒரு ஆளா மதிச்சு ஒரு கற்பூரம் ஏத்தல.

போற நாளு வந்துச்சு. காலையில நான் கடையைத் திறந்துகினு இருக்கேன். சங்கவி தோள்ல ஒரு பையி, கையில ஒரு பையோட வந்து நிக்கறா. கண்ணு வீங்கியிருக்குது. "மாமா, நீங்க வந்து ஏத்தி வுடறீங்களா?"

நானான்னேன்.

"யாரும் வர மாட்டேங்கறாங்க மாமா. தனியா ஏறிடலாம்னுதான் வந்தேன். ஸ்டாப்பு வரைக்கும் போனேன். பயமா இருக்குது."

யாரும் வர மாட்டேங்கறாங்கன்னு அவ சொன்னது எனக்கு அப்போ காதுல விழல சார். நீங்க வந்து ஏத்தி வுடறீங்களா, அது மட்டும்தான் விழுந்துச்சு. அத்தினி ஹவில்தார், அத்தினி சுபேதார் இருக்கற ஊர்ல என்னைக் கூப்பிடறா. ஒரு நிமிசம் இரு கண்ணுன்னு உள்ள போனேன். எதைப் போடறதுன்னு யோசிச்சேன். அந்த மாதிரி ஒரு நாளுக்கு எதைப் போடறது? கோட் பார்க்காவைத்தான் போட்டேன்.

வழக்கப்படி எல்லாம் செஞ்சேன். பையை வலது கையில தூக்கினேன். முதல்ல நான் ஏறினேன், அப்பால அவ. ஜன்னல் ஓரம் நான் உக்காந்தேன். பஸ்ஸு கீழ்த்தெரு முனையில ஸ்லோ ஆச்சு. பூங்காவனம் வாசல்ல நின்னுகினு இருந்தா, ஜன்னல்ல என்னைப் பாத்தா. என்னைன்னா, கோட்டைப் பாத்தா. பக்கத்துல பொண்ணைப் பாத்தா. நான் கையை ஆட்டினேன். மரியாதைக்கு.

அடுத்த ஸ்டாப்புல நான் இறங்கும்போது சங்கவி கோட்டுக் கையைப் பிடிச்சா. என் கையை இல்ல, கோட்டுக் கையை. கொஞ்ச நேரம் வெச்சிருந்தா. கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு. வுட்டுட்டா.

நடந்து திரும்பி வந்தேன். டீக்கடைகிட்ட வந்தேன். அத்தினி பேரும் என்னையே பாக்கறாங்க. தேவராஜி மச்சான் மெதுவா எழுந்து நின்னாரு. சல்யூட் அடிக்கப் போறாருன்னுதான் நினைச்சேன். கன்னத்துல வுட்டாரு. கண்ணாலம் ஆகி இத்தினி வருசத்துல மச்சான் என் மேல கை வெச்சதில்ல. சத்தியம் பண்ணவங்க அத்தினி பேரையும் நான் பொய்யாக்கிட்டேனாம். நான்தான் சத்தியமே பண்ணலியே சார்! பண்ண வுடலியே!

பத்து நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் பூங்காவனம் ஊட்டுக்கு வந்தா. கோட்டுக்குத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன். இந்த வாட்டி நான் பேரம் பேசல. கோட்டை எடுத்தேன், ஜிப்பு போட்டேன், மடிச்சேன், ரெண்டு கையாலயும் நீட்டினேன். எடுத்துகினு போம்மா, இட்லிப் பானைகூட நீயே வெச்சுக்கோன்னேன். கலெக்‌ஷன் பண்றவனுக்கு அது இன்னா கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது.

அவ வாங்கல. "அதை வெச்சுகினு நான் இன்னாண்ணா பண்ணுவேன்"னா. வாசப்படியில உக்காந்துட்டா. உக்காந்துகினே சொன்னா, "ஊர்ல எல்லார்கிட்டயும் போனேன். உங்ககிட்ட வரணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

நீட்டின கோட்டை நான் மறுபடியும் மடிச்சேன்.

அப்பால சொன்னா. "திரும்பி வந்தவங்க ஏத்தி வுட்டாத்தான் திரும்பி வருவாங்க. நீங்க போகவே இல்லயேண்ணா. போகாதவரு எப்படித் திரும்பி வந்தவரு ஆவீங்க? என் பொண்ணு எப்படித் திரும்பி வருவா?"

நான் நடந்து வந்தேன்மா, அடுத்த ஸ்டாப்புல இருந்துன்னேன்.

"அது ஆவாது. நீங்க போங்க. அவ இருக்கற எடத்துக்கு, பட்டாளத்துக்கு உள்ள போங்க. அவளைக் கண்ணால பாத்துட்டு, உசுரோட திரும்பி வாங்க. அப்போ நீங்க போய்ட்டு வந்தவரு ஆயிடுவீங்க. அப்போ சரியாப் போயிடும்." கண்ணைத் துடைச்சுகினா. "பட்டாளத்துத் துணி போட்டுகினு போகாதீங்க. வேசம் கட்டிகினு போனா சாமி ஏத்துக்காது."

பைத்தியக்காரப் பேச்சுதான். ஆனா சுத்துமுத்தும் பாத்தேன். எங்க ஊட்டு ஜனம் எல்லாம் நிக்குது, தேவராஜி மச்சான் நிக்கறாரு. ஒருத்தரும் இது பைத்தியம்னு சொல்லல. மச்சான் போய் எனக்கு ஒரு பையி எடுத்துட்டு வந்தாரு.

பீரோவைத் திறந்து பாத்தா என்கிட்ட சாதாச் சட்டைன்னு ஒண்ணு இல்ல சார். சாதாத் துணி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா முனியம்மாகிட்ட போட்டு பட்டாளத்துத் துணியா மாத்திகினு இருக்கேன் இத்தினி வருசமா. இந்த ரயில்வே காக்கிதான் பட்டாளம் இல்லாத துணி. அதனால இதைப் போட்டேன்.

நேத்து பெங்களூர் போனேன். இப்போ திரும்பி வந்துகினு இருக்கேன்.

பாத்தீங்களான்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

கேம்பு வாசல் கேட்டாண்ட போனேன். காவலுக்கு நிக்கற பையன் இந்தியில கேக்கறான். எனக்கு இந்தி வராது. அப்பால தமிழ் தெரிஞ்ச ஒருத்தரு வந்தாரு. யாரைப் பாக்கணும், நீங்க அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆவணும்னாரு. இன்னா ஆவணும்? நான் ஏத்தி வுட்டவன்னு சொன்னேன். புரியல அவருக்கு. இன்னைக்குப் பாக்கற நாளு இல்ல, உள்ள வுட முடியாதுன்னாரு. ஒரு நிமிசம் கேட்டைத் தாண்டி நின்னுட்டு வந்துடறேன், ஒரு காலு வெச்சுட்டு வந்துடறேன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. எந்த டிப்போ நீங்க, பஸ்ஸை எங்க நிறுத்தியிருக்கீங்கன்னு கேட்டாரு.

வேலி ஓரமா ஒரு மரத்தடியில நின்னேன். வெயிலு ஏறிச்சு. போகச் சொல்லி ஒரு வாட்டி விரட்டினாங்க, கொஞ்சம் தள்ளிப் போய் நின்னேன். அப்பால உள்ள சத்தம் கேட்டுச்சு, ஒண்ணா ஓடற காலு சத்தம். பொண்ணுங்க. ஒரு பெரிய கும்பலா வேலி ஓரமா ஓடி வந்தாங்க. நான் கம்பியைப் பிடிச்சுகினு நின்னேன்.

எல்லாருக்கும் ஒரே பனியன் சார். ஒரே பேண்ட்டு, ஒரே ஷூ. முடியை எல்லாருக்கும் ஒட்ட வெட்டியிருக்காங்க. பனியனைப் பாத்தேன். தோள்ல ரெட்டைத் தையல் போட்டிருக்கான், பழைய காலத்துல அது கிடையாது. ஷூவைப் பாத்தேன், அடியில புது மாதிரி ரப்பரு. எங்கடா பொண்ணுன்னு நான் மூஞ்சிக்கு வரதுக்குள்ள எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க. முதுகுதான் தெரியுது. சங்கவின்னு கத்தினேன். ஒண்ணு ரெண்டு தலை திரும்பற மாதிரி இருந்துச்சு. வெறும் காத்தா, காலு சத்தமா, தெரியல. மறுபடியும் வருவாங்கன்னு சாயங்காலம் வரைக்கும் நின்னேன். வரல.

எந்தத் துணியா இருந்தாலும் தொட்டவுடனே வருசம் சொல்லுவேன் சார் நான். தினம் என் எதிர்ல உக்காந்துகினு இருந்த பொண்ணு. அவ மூஞ்சி எனக்கு வரல. கோட்டுதான் வருது. கோட்டுக்கு மேல ஒரு காது வருது, அவ்வளவுதான்.

காலையில மச்சான் போன் பண்ணாரு. நான் கிளம்பினதுல இருந்து பூங்காவனம் எங்க ஊரு ஸ்டாப்புலயே உக்காந்திருக்காளாம். பீடி மொறத்தை அங்கயே எடுத்துட்டு வந்துட்டாளாம். சாப்பாடு கொண்டு போனா, அவரு வரட்டும்னு சொல்றாளாம். எங்க ஊர்ல பட்டாளத்துல இருந்து வரவங்களுக்குத்தான் சார் அப்படி உக்காந்து காத்துகினு இருப்பாங்க.

மச்சான் கேட்டாரு, "உள்ள போனியா? பாத்தியா?" போனேன் மச்சான், பாத்தேன்னு சொல்லிட்டேன். பொய் இல்ல சார். போனேன். அந்த ஓடின கும்பல்ல அவ இருந்திருப்பா இல்ல? அப்போ பாத்தேன்தானே. மச்சான், "நல்லா வந்து சேரு மாப்ள"ன்னாரு. கன்னத்துல வுட்டதுக்கு அப்பால இப்போதான் மாப்ளன்னாரு.

ஆனா பூங்காவனம் அதோட வுட மாட்டா. பெத்தவ. எப்படி இருக்கான்னு கேப்பா. சாப்பிடறாளான்னு கேப்பா. மூஞ்சி வாடியிருக்குதா, என்னைக் கேட்டாளான்னு கேப்பா. சட்டை எந்த வருசம்னு கேட்டா நான் சொல்லிடுவேன். இதுக்கு நான் இன்னா சார் சொல்றது?

அதோ, வளைவு வந்துடுச்சு. எங்க ஊருதான். மொறத்தைக் கீழ வெச்சுட்டு எழுந்து நிக்கறா பாருங்க, ஒவ்வொரு ஜன்னலா பாக்கறா. தள்ளுங்க சார், நான் இறங்கணும். பொம்பளைங்க மொதல்ல இளைச்சுட்டாளான்னுதான் கேப்பாங்க, இல்ல? உங்களுக்குப் பொண்ணு இருக்குதா சார்? ஊரை வுட்டுப் போன கொஞ்ச நாளுல இளைப்பாங்களா? இளைச்சிருக்கான்னு சொல்லட்டுமா, இளைக்கலைன்னு சொல்லட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க சார், பஸ்ஸு நிக்குது.